நாலு மாத வலி நாலு வருட வலியானபோது: ஒரு இடுப்புவலிக் குறியீடு பற்றிய நிகழ்வு ஆய்வு

இது கேரள எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. நோயாளி, மருத்துவர்கள், மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் எதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டிருக்கிறேன். நான் அங்கே மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் கோடிங் சரிபார்ப்பு, அதாவது நோய்களுக்குப் போடும் குறியீடு சரியா என்று பார்க்கிறேன். கோப்பு என்னிடம் வந்தது, காப்பீட்டு மறுப்பு வந்த பிறகுதான்.

பின்னணி

விடியும் முன்பே கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி பக்கமிருந்து ஜீப்புகள் மலை ஏறத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற கூலிப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. தூரின் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில்தான் காய்க்கும். ஆகவே காய் எடுப்பது முழுக்க முழுக்கக் குத்தவைத்தும் குனிந்தும் செய்கிற வேலை. சரிவான, ஈரமான நிலம். மாலையில் நிரம்பிய சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்கள் புறநோயாளிப் பிரிவில் இடுப்புவலி என்று வருகிறவர்களில் இந்தப் பெண்கள் எப்போதும் இருப்பார்கள்.

இந்த நோயாளியும் அவர்களில் ஒருவர். நாற்பதைத் தாண்டியவர். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்திருந்தார். பாலிசி தொடங்கி இரண்டு வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. இந்தக் கணக்கு பின்னால் முக்கியமாகிறது. அந்தப் பாலிசியில் டிஸ்க் பிதுக்கத்துக்கு, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்குவதற்கு, 24 மாதக் காத்திருப்பு; அதுவரை பணம் கிடைக்காது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கு 36 மாதம். முதலாவது முடிந்துவிட்டது, இரண்டாவது முடியவில்லை.

சேர்க்கையின்போது

நடக்க முடியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்தார். இரவுப் பணி மருத்துவர் கேஸ் ஷீட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதியது இவ்வளவுதான்: இடுப்புவலி, அதற்குப் பக்கத்தில் 4/12, கீழே ஒரு கேள்விக்குறியும் டிஸ்க் பிதுக்கம் என்பதற்கான ‘ஐவிடிபி’யும்.

4/12 என்றால் நாலு மாதம். நாளை 7-க்கு மேலும், வாரத்தை 52-க்கு மேலும், மாதத்தை 12-க்கு மேலும் எழுதுவது மருத்துவர்களிடம் பழைய வழக்கம். மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் சேர்க்கைச் சுருக்கத்தைத் தட்டச்சு செய்பவர் மருத்துவம் படித்தவர் அல்ல. அவர் அதை நாலு வருடம் என்று அடித்தார். அது அப்படியே காப்பீட்டு முன்அனுமதி விண்ணப்பத்துக்குப் போனது.

விண்ணப்பத்தில் ஐசிடி-10 குறியீடு, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அந்த நோய்க்குள்ள எண், கேட்கும் கட்டம் இருக்கிறது. அன்று பணியில் இருந்த கோடர் திறமைசாலிதான். கோயம்புத்தூரில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் கோடிங் செய்யும் நிறுவனத்தில் சில காலம் இருந்தவர். சுருக்கத்தில் பார்த்த ‘இடுப்புவலி, 4 வருடம்’ என்பதற்கு இரண்டு குறியீடு போட்டார். ஒன்று எம்54.5, அதாவது கீழ்முதுகு வலி. மற்றொன்று ஜி89.29, பிற நாள்பட்ட வலி.

இரண்டாவது குறியீடு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இல் கிடையவே கிடையாது. ஜி89 என்ற வலிப் பிரிவு அமெரிக்கா தன் தேவைக்கு விரித்து வைத்திருக்கும் ஐசிடி-10-சிஎம் தொகுப்பில் மட்டும் உள்ளது. அதே தொகுப்பில் 2021 அக்டோபர் 1 முதல் எம்54.5-ஐயே எம்54.50, எம்54.51, எம்54.59 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆக ஒரே படிவத்தில் ஒரு குறியீடு ஒரு தொகுப்பிலிருந்தும், இன்னொன்று வேறு தொகுப்பிலிருந்தும் வந்திருந்தது. நம் ஊரில் அமெரிக்க வேலை பார்த்துவிட்டு உள்ளூர் மருத்துவமனைக்கு வருகிற பலரிடம் இதைப் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; எந்தத் தொகுப்பு என்று அவர்களிடம் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மறுப்பு

காப்பீட்டு நிறுவனத்தின் பதில் இரண்டு காரணங்களோடு வந்தது. முதலாவது, விலக்கு எண் 04. அதாவது பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்பது. வெறும் ‘கீழ்முதுகு வலி’ என்ற குறியீட்டோடு எம்ஆர்ஐ செலவும் கேட்கப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித்தான் தெரியும். இரண்டாவது, விலக்கு எண் 01. நாலு வருடமாக வலி, நாள்பட்ட வலி என்று மருத்துவமனையே எழுதியிருக்கிறது. பாலிசி தொடங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. எனவே முன்பே இருந்த நோய்.

இந்த இரண்டாவது காரணம் என்னை உலுக்கியது. மறுப்பு அதோடு நிற்காது. முன்பிருந்த நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது. பாலிசியே ரத்தாகக்கூடும். ஒரு தட்டச்சுப் பிழையால் ஒரு கூலிக்காரக் குடும்பம் பொய் சொன்னவர்களாக ஆகிவிட்டது.

இதற்குள் எம்ஆர்ஐ முடிவு வந்து, மதுரையிலிருந்து வாரம் ஒரு முறை வரும் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் பார்த்துவிட்டார். கால் பலவீனம் கூடிக்கொண்டிருந்ததால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னார். மகன் வந்து நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து கட்டாமல் காப்பீடே நேராகக் கட்டும் வழி, அத்தோடு மூடியது.

கோப்பில் என்ன இருந்தது

கோப்பை முதல் தாளிலிருந்து படித்தேன். வலிக்குக் குறியீடு போடும்போது கடைசி வரியில் எழுதிய நோயறிதலை மட்டும் பார்த்துப் போடுவதுதான் எங்கும் நடக்கிறது. நேரமில்லை என்பது உண்மை. ஆனால் வலியைப் பற்றிய உண்மை பெரும்பாலும் மற்றத் தாள்களில்தான் இருக்கும்.

எலும்பு மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பு தெளிவாக இருந்தது. இடது காலை நீட்டித் தூக்கும்போது 40 டிகிரியிலேயே வலி. இடது கணுக்கால் அனிச்சை இல்லை. இடது காலால் நுனிக்காலில் நிற்க முடியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் எஸ்1, அதாவது முதுகெலும்பின் கடைப்பகுதியிலிருந்து காலுக்கு இறங்கும் ஒரு நரம்பின் வேர் என்றுதான் மருத்துவப் பாடம் சொல்லும். எம்ஆர்ஐ அறிக்கையும் அதையே சொன்னது: எல்5–எஸ்1 மட்டத்தில் (கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழுள்ள எலும்புக்கும் நடுவே) டிஸ்க் வெளியே தள்ளி, இடது எஸ்1 வேரை அழுத்துகிறது, எல்4–எல்5-இலும் எல்5–எஸ்1-இலும் டிஸ்க் நீர் வற்றிய தேய்மானம்.

இதற்கு மேல் முக்கியமானதை எழுதியிருந்தது ஒரு நர்ஸ். இரவுக் குறிப்பில் நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி வைத்திருந்தார்:

“ஆவணில தோட்டத்துல சாக்கோட வழுக்கி உக்காந்துட்டேன் சிஸ்டர். அப்ப புடிச்சதுதான். இடுப்புல ஆரம்பிச்சு கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்குது. சுண்டுவிரல் பக்கம் மரத்துக் கெடக்கு. ஜீப்புல ஏறுறப்ப எடது காலு உந்த மாட்டேங்குது.”

அந்த நாலு வரியில் காலம், தொடக்கம், பக்கம், நரம்பு, தசைப் பலவீனம் எல்லாம் வந்துவிட்டன. சேர்க்கை நடந்தது மார்கழியில். ஆவணியிலிருந்து மார்கழி நாலு மாதம். 4/12 சரியாகப் பொருந்தியது.

விழுந்ததை முதலில் மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை என்று அந்த நர்ஸ் கேட்டிருக்கிறார். கங்காணி காதுக்குப் போனால் அடுத்த நாள் ஜீப்பில் இடம் இருக்காது என்று பயந்தாராம்.

மருத்துவரிடம் கேட்டது

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நாமே குறியீட்டை மாற்றிவிடலாமே என்று பில்லிங்கில் கேட்டார்கள். கூடாது. எம்ஆர்ஐ அறிக்கையைப் படித்து நோயறிதல் செய்வது கோடரின் வேலை இல்லை. டிஸ்க் பிதுக்கம் படத்தில் தெரிந்தும் வலிக்குக் காரணம் வேறாக இருப்பவர்கள் உண்டு. இரண்டையும் இணைத்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

கேட்கும் விதத்திலும் கவனம் தேவை. ‘டிஸ்க் பிதுக்கம் என்று போடலாமா டாக்டர்?’ என்று கேட்டால், பத்து வேலைக்கு நடுவில் அவர் ‘சரி, போடுங்கள்’ என்றுதான் சொல்வார். அது அவருடைய வாயில் நாம் வைத்த பதில். எழுதிக் கேட்டது இப்படி: “சேர்க்கைக் குறிப்பில் இடுப்புவலி 4/12, டிஸ்க் பிதுக்கம் சந்தேகம் என்று உள்ளது. சுருக்கத்தில் 4 வருடம் என்று உள்ளது. பரிசோதனைக் குறிப்பு, எம்ஆர்ஐ அறிக்கை, நர்ஸ் குறிப்பு இணைப்பில். இறுதி நோயறிதல் என்ன, எந்த மட்டம், எந்தப் பக்கம், எவ்வளவு காலம் என்பதைத் தங்கள் கைப்பட எழுதவும்.”

பதில் அன்றே வந்தது. எல்5–எஸ்1 டிஸ்க் வெளித்தள்ளல், இடது எஸ்1 ராடிகுலோபதியுடன் (நரம்பு வேர் பாதிப்புடன்). அறிகுறிகள் நாலு மாதமாக. டிஸ்கில் தேய்மானம் உண்டு. தோட்டத்தில் விழுந்த பிறகு வலி தொடங்கியதாக நோயாளி கூறுகிறார்.

இதன்மேல் குறியீடு போடுவதில் குழப்பம் இல்லை. அறிகுறியை முதன்மை நோயாக எழுதிவிட்டு, அதற்குக் காரணமான நோயைக் கண்டறிந்து அதற்கே சிகிச்சையும் கொடுத்திருந்தால், அந்த நோயைத்தான் முதன்மையாக எடுக்க வேண்டும் என்பது ஐசிடி-10-இன் விதி. எம்54.5-க்குக் கீழேயே, டிஸ்க் இடம்பெயர்வால் வரும் வலியும் காலுக்கு இறங்கும் வலியும் இங்கே சேராது என்று விலக்குக் குறிப்பு இருக்கிறது. எம்54.3, அதாவது சயாட்டிகா என்ற காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குக் கீழே, டிஸ்க்கால் வந்த சயாட்டிகாவுக்கு எம்51.1-க்குப் போ என்று இருக்கிறது. ஆகவே முதன்மைக் குறியீடு எம்51.1. அதோடு டிஸ்க் கோளாறில் நரம்பு வேர் அழுத்தம் என்பதற்கான ஜி55.1. இது நட்சத்திரக் குறியிட்ட துணைக் குறியீடு, தனியாக நிற்காது.

நாள்பட்ட வலிக்கு ஆர்52.2 சேர்க்கலாமா என்று கோடர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் ஆர்52 வேறு எங்கும் இடமில்லாத வலிக்கு. முதுகுவலியை அது வெளியே தள்ளிவிடுகிறது.

‘நாள்பட்ட’ என்ற சொல்லைப் பற்றி அப்போது பேசினோம். மருத்துவத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி. ஐசிடி-11-இல் எம்ஜி30 என்று நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்து, இந்த வரையறையை அங்கேயே வைத்திருக்கிறார்கள். 2019-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த தொகுப்பு அது. ஆனால் நம் காப்பீட்டுப் படிவம் இன்னும் ஐசிடி-10 தான் கேட்கிறது. அங்கே ‘நாள்பட்ட’ என்று பார்க்கிறவர் வருடக்கணக்காக என்றே எடுத்துக்கொள்கிறார். நாலு மாத வலியை நாள்பட்ட வலி என்று எழுதுவது மருத்துவப்படி சரி; பக்கத்தில் காலத்தைத் தெளிவாக எழுதாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து.

விபத்து என்று எழுதும்படி வந்த யோசனை

இங்கேதான் கடினமான முடிவு ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. விழுந்தது கோப்பில் வந்ததும், விபத்துக் காயம் என்று போட்டுவிடலாமே என்ற யோசனை வந்தது. ஐசிடி-10-இல் எஸ்33.0 இருக்கிறது: காயத்தால் கிழிந்த இடுப்பு டிஸ்க். விபத்தென்றால் காத்திருப்புக் காலமே இல்லை, கேள்வியும் வராது. யோசனை சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நகை அடகில் கிடப்பதைப் பார்த்துச் சொன்னார். மகனும் கெஞ்சினார்: “சார், எங்க அம்மா விழுந்தது நெசந்தானே?”

விழுந்தது உண்மைதான். ஆனால் அந்த விழுதலே டிஸ்கைக் கிழித்தது என்று மருத்துவர் எழுதவில்லை. கேட்டபோதும், தேய்ந்திருந்த டிஸ்க், விழுந்தது தூண்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். டிஸ்க் பிதுக்கம் உறுதியான நோயறிதல்; சந்தேகம் அதன் காரணத்தில் மட்டும்தான், அதை நாமே உறுதியாக்கி எழுதக் கூடாது. முதன்மை நோயே கடைசிவரை ‘இருக்கலாம்’ என்று நின்றால் அதை இருப்பதாகவே போடும் விதி ஐசிடி-10-இலும் அமெரிக்க உள்நோயாளிக் கோடிங்கிலும் உண்டு. அதைப் பழகியவர்களுக்கு இந்த இடம் வழுக்கும். இன்னொரு காரணமும் இருந்தது. மறுப்புக்குப் பிறகு நோயே மாறி விபத்தாக வந்தால், நாலு வருடம் நாலு மாதமானதையும் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையான திருத்தமும் அதோடு செத்துப்போகும்.

எஸ்33.0 போடவில்லை. நோயாளி விழுந்ததாகச் சொன்னதை மட்டும் வரலாற்றுப் பகுதியில் அவர் கூற்றாகவே எழுதினோம். மகனிடம் உட்கார்ந்து விளக்கினேன். டிஸ்க்குக்கான 24 மாதம் தாண்டிவிட்டது, நாலு மாதம் என்பதை நிரூபித்தால் போதும், பொய் தேவையில்லை என்று. முழுதாக நம்பினார் என்று சொல்ல முடியாது.

தொடர்ந்து நடந்தது

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. காலுக்கு இறங்கும் வலி சீக்கிரமே விட்டது. சுண்டுவிரல் பக்கத்து மரப்பு மட்டும் தங்கிவிட்டது; அழுத்தம் நீண்ட நாள் இருந்த நரம்பில் அப்படி நடப்பதுண்டு.

சுருக்கத்தைத் திருத்தும்போது பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடிக்கவில்லை. பழையது கோப்பிலேயே இருந்தது. என்ன தவறு, எப்படி நேர்ந்தது, எது சரி என்று தேதியோடு ஒரு பிற்சேர்க்கை. அதில் மருத்துவரின் கையெழுத்து. கேஸ் ஷீட்டின் நகல், நர்ஸ் குறிப்பு, எம்ஆர்ஐ அறிக்கை, அறுவைக் குறிப்பு எல்லாம் சேர்த்து, குடும்பம் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போனது.

எதிர்பார்த்தபடியே கேள்வி வந்தது. மறுப்புக்குப் பிறகு காலம் மாறியது ஏன் என்று. மேலும் முந்தைய வைத்தியச் சீட்டுகளையும் கேட்டார்கள். நோயாளி மலையில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டிய ஓ.பி. சீட்டை வீட்டில் தேடி எடுத்து வந்தார்கள். மழையில் நனைந்து மடிப்பு கிழிந்திருந்தது. தேதி மட்டும் தெளிவாக இருந்தது, செப்டம்பர். இரண்டு வாரமாக இடுப்புவலி என்று அதில் எழுதியிருந்தது. 4/12-க்கு வெளியாள் ஒருவரின் சாட்சி அது. அந்தச் சீட்டு இல்லாமல் பிற்சேர்க்கை மட்டும் போதுமாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

தொகை வந்தது. கையுறை போன்றவற்றுக்கான வழக்கமான பிடித்தம் போக மீதி. முன்பிருந்த நோய் என்ற குற்றச்சாட்டு எழுத்தில் நீக்கப்பட்டது. மறுத்திருந்தால் அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அதற்கும் மேல் கட்டணமில்லாத காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் என்று மகனுக்கு வழி எழுதிக் கொடுத்திருந்தோம். அது தேவைப்படவில்லை. ஆனால் நகை மீண்டது வட்டியோடு. அந்த வட்டியை எந்தப் பாலிசியும் தராது.

அந்தப் பெண் மீண்டும் மலை ஏறவில்லை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போகிறார்.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

காலத்தைப் பின்னமாக எழுதுவதை நிறுத்திவிட்டோம். கேஸ் ஷீட்டில் ‘எந்த மாதத்திலிருந்து’ என்று ஒரு கட்டம் வந்திருக்கிறது. தமிழ் மாதம் சொன்னால் தமிழ் மாதத்தையே எழுதலாம். எங்கள் நோயாளிகளுக்கு ஆவணி, ஐப்பசி என்றுதான் நினைவிருக்கும். மூத்த மருத்துவர்களிடம் இதைக் கொண்டுவர நிறையப் பேச வேண்டியிருந்தது. பழகிய கை 4/12 என்றே போகிறது; இன்னும் சில கோப்புகளில் வருகிறது. வந்தால் தட்டச்சு ஆகாமல் திரும்பிப் போகிறது.

முன்அனுமதியில் போகும் குறியீடு தற்காலிகமானது என்று எழுதியே அனுப்புகிறோம். எம்ஆர்ஐ வந்ததும் அதைத் திரும்பப் பார்ப்பது கோடரின் பொறுப்பு. ஜி89 தொடங்கி, அமெரிக்கத் தொகுப்பில் மட்டும் உள்ள குறியீடுகளை மென்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. இடுப்புவலி என்ற ஒற்றைச் சொல்லோடு உள்நோயாளிக் கோப்பு முடிந்தால், மட்டம், பக்கம், நரம்பு, காரணம் கேட்டு மருத்துவருக்குச் சீட்டு போகும். எல்லா நேரமும் காரணம் கிடைக்காது. எதுவும் அகப்படாத இடுப்புவலியும் நிறைய உண்டு. அப்போது எம்54.5 தான் நேர்மையான குறியீடு, அதைக் கூச்சமில்லாமல் போடலாம்.

நர்ஸ் குறிப்பைக் கோடர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதும் இப்போது விதி. இந்தக் கோப்பில் அதுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது.

தீராத ஒன்று இருக்கிறது. வேலை சார்ந்த நிலை என்பதற்கு ஐசிடி-10-இல் ஒய்96 என்று ஒரு துணைக் குறியீடு உண்டு. இந்தக் கோப்பில் அதைப் போடவில்லை, மருத்துவர் அப்படி முடிவு சொல்லவில்லை என்பதால். எங்கள் நோய்க் குறியீட்டு அட்டவணையைத் திறந்தால் எம்54.5 வரிசை வரிசையாக வருகிறது. அவர்களில் யார் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர், யார் வீட்டில் இருப்பவர் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை. தொழில் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘கூலி’ என்று மட்டும் இருக்கிறது, இல்லாவிட்டால் காலியாக இருக்கிறது. என்ன வேலை, எந்த நிலத்தில், எத்தனை வருடமாக என்று கேட்டு எழுதினால்தான் ஒய்96 பற்றி மருத்துவரே முடிவெடுக்க முடியும். கேள்விகளைத் தயாரித்து மருத்துவர்கள் கூட்டத்துக்கு அனுப்பியிருக்கிறோம். கங்காணிக்குப் பயப்படுகிறவரிடம் அதை எப்போது, யார் கேட்பது என்பதுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது. வார்டு நர்ஸ்கள், இரவில் நாங்களே கேட்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.